பகலில் வேலை, மாலையில் சட்டம்: அமெரிக்காவில் பகுதிநேர ஜேடி படிப்பது எப்படி

வழக்கறிஞராவதற்கான ஜேடி பட்டத்துக்கு மாலைநேர லா ஸ்கூலில் சேர நினைப்பவர்கள் எல்சாட் என்ற நுழைவுத் தேர்வைப் பற்றியும் கட்டணத்தைப் பற்றியும் மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். நீதிமன்றம் எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடுகிறது என்பதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. வகுப்பை மாலை ஆறு மணிக்குத் தள்ளி வைக்கலாம். நீதிபதியைத் தள்ளி வைக்க முடியாது. 'செய்முறைப் பயிற்சிக்கு முதலிடம், உங்கள் வசதிக்கேற்ற நேரம்' என்று கல்லூரி விளம்பரங்கள் இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடும். நடைமுறையில் இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கும். பாடம் மாலையில் நடக்கும். உண்மையான கட்சிக்காரருக்கு வேலை செய்து தொழில் பழகும் கிளினிக்கும், வெளி அலுவலகத்தில் பயிற்சி பெறும் எக்ஸ்டர்ன்ஷிப்பும் பெரும்பாலும் பகலில்தான் நடக்கும். இதைச் சேரும்போதே கணக்கில் எடுத்தவர்கள் நான்கு ஆண்டுகளைச் சமாளித்துவிடுவார்கள். மற்றவர்கள் மூன்றாம் ஆண்டில் கையில் விடுப்பு இல்லாமல் விழிப்பார்கள்.

முதலில் விசா

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் முழுநேரம் படித்தாக வேண்டும். மாலைநேரப் பகுதிநேரப் படிப்பு அவருக்குப் பொருந்தாது. இணையவழியும் நேர்வகுப்பும் கலந்த ஹைப்ரிட் ஜேடியும் அப்படித்தான், ஏனெனில் முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு இணைய வகுப்பைத்தான் சேர்த்துக்கொள்வார்கள். எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் தன் வேலையைத் தொடர்ந்தபடி பகுதிநேரமாகப் படிக்கலாம். அவருடைய குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருப்பவர் பகுதிநேரமாகவும் படிக்கலாம், முழுநேரமாகவும் படிக்கலாம். சிக்கல் படிப்பில் வராது, எக்ஸ்டர்ன்ஷிப்பில் வரும். எச்-1பி அனுமதி உங்களை வேலைக்கு எடுத்த நிறுவனத்துக்கு மட்டுமே உரியது. வேறு அலுவலகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு பயிற்சி பெற அது இடம் தராது. சம்பளமில்லாத பயிற்சியைக்கூட நீங்களாக முடிவு செய்யாமல், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியின் பன்னாட்டு மாணவர் அலுவலகம் எஃப்-1 விதிகளில் கரைகண்டிருக்கும். எச்-1பி பற்றி அங்கே கிடைக்கும் பதிலை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

குடியுரிமை இல்லாவிட்டால் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. 1973-லேயே கிரிஃபித்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது. கனெக்டிகட் மாநிலத்தில் பதிவு மறுக்கப்பட்ட டச்சுக் குடிமகள் தொடுத்த வழக்கு அது. குடியுரிமை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பதிவை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது.

இந்தியாவில் எல்எல்பி முடித்தவர்கள் இங்கேயே கொஞ்சம் நிற்கவும். உங்களுக்கு நான்காண்டு ஜேடி தேவைப்படாமலே போகலாம். இந்தியாவில் பதிவு செய்து, அந்தப் பதிவு தடையின்றி நடப்பில் இருக்கும் வழக்கறிஞர், வழக்கறிஞர் பதிவுக்கான கலிஃபோர்னியா பார் தேர்வை நேரடியாக எழுதலாம். நியூயார்க்கில் உங்கள் படிப்பின் கால அளவையும் பாடத்தையும் சரிபார்ப்பார்கள். இரண்டில் ஒன்றில் மட்டும் குறை இருந்தால் 24 கிரெடிட் (பாட அலகு) கொண்ட எல்எல்எம் படித்து நிரப்பிக்கொள்ளலாம், ஆனால் அதை இணையவழியில் படித்தால் செல்லாது. எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை: அமெரிக்க ஜேடியோடு ஊருக்குத் திரும்பி வழக்காடும் எண்ணம் இருந்தால், மாலைநேரப் பட்டமும் ஹைப்ரிட் பட்டமும் இந்திய பார் கவுன்சிலில் செல்லும் என்று அனுமானித்துச் சேராதீர்கள். முதலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கிரெடிட் கணக்கு

பகுதிநேரம் என்றால் பாதிப் படிப்பு என்று அர்த்தமில்லை. படிப்பு அதே அளவுதான், பரப்பி வைக்கிற காலம்தான் கூடுகிறது. அமெரிக்க பார் சங்கமான ஏபிஏ அங்கீகரித்த எந்த லா ஸ்கூலிலும் ஜேடிக்குக் குறைந்தது 83 கிரெடிட் வேண்டும். பல பள்ளிகள் அதற்கு மேலும் கேட்கின்றன. 24 மாதத்துக்கு முன் முடிக்கவும் முடியாது, 84 மாதத்தைத் தாண்டி இழுக்கவும் முடியாது. மாலைநேர மாணவர்கள் வழக்கமாக நான்கு ஆண்டில் முடிப்பார்கள். எட்டு செமஸ்டருக்கு 83 என்றால் ஒவ்வொன்றிலும் 10 அல்லது 11. அது கனமாகத் தெரிந்தால் செமஸ்டருக்கு 9 எடுத்து 72 ஆக்கிவிட்டு, மீதி 11-ஐக் கோடைப் பருவங்களில் தீர்க்கலாம். ஊருக்குப் போகும் பயணத்தைப் பிறகு மார்கழிக்குத்தான் வைக்க முடியும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை கிடைக்கும் அந்த இடைவெளி ஒன்றுதான் உறுதியான விடுமுறை.

ஒரு கிரெடிட் என்பது 15 வாரத்துக்கு, வாரம் 50 நிமிட வகுப்பும் 2 மணி நேர வெளிவேலையும். ஆக மொத்தம் 42.5 மணி நேரம். பத்து கிரெடிட் எடுத்தால் வாரத்துக்கு வகுப்பு 8 மணி 20 நிமிடம், படிப்பு 20 மணி நேரம். வாரத்தின் 168 மணி நேரத்தில் வேலைக்கு 40, தூக்கத்துக்கு 49, சட்டத்துக்கு 28 என்று கழித்தால் கையில் நிற்பது 51. சமையல், போக்குவரத்து, பிள்ளைகள், உடம்புக்கு வருவது, மாமியாரின் தொலைபேசி அழைப்பு எல்லாம் அந்த 51-க்குள். வேலை 40 மணியில் நிற்காமல் 50-ஐத் தொடுகிற ஆளாக இருந்தால், முதல் செமஸ்டரில் எத்தனை கிரெடிட் குறைக்க விடுவார்கள் என்று சேருமுன் கேளுங்கள். சில பள்ளிகளில் முதலாண்டுப் பாடத்தொகுப்பு மாற்ற முடியாதது.

அந்த 20 மணி நேரத்தை எங்கே வைப்பது? வகுப்பு திங்கள் முதல் வியாழன் வரை மாலை ஆறுக்கு மேல் இருக்கிறது என்று கொள்வோம். வகுப்பு முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் படிப்பேன் என்று திட்டம் போடாதீர்கள். அந்தத் திட்டம் மூன்றாம் வாரத்தைத் தாண்டியதில்லை. சனிக்கிழமை 6, ஞாயிறு 5, வெள்ளி மாலை 3. வகுப்புள்ள நான்கு நாளும் விடிகாலையில் ஒரு மணி நேரம், மதிய உணவில் அரை மணி. கூட்டினால் 20. விடிகாலை ஒரு மணி நேரத்தைப் புதிய வழக்கு படிக்கச் செலவிடாமல், அன்றைய வகுப்புக்கு ஏற்கனவே படித்ததைப் புரட்டப் பயன்படுத்துங்கள். பேராசிரியர் திடீரென்று உங்களை எழுப்பிக் கேள்வி கேட்பது அன்று மாலைதான்.

பள்ளியை அளப்பது

மாலைநேரச் சட்டக்கல்வி புதிதல்ல. பாஸ்டனின் சஃபோக் லா ஸ்கூல் 1906-ல் வேலைக்குப் போகிறவர்களுக்கான இரவுப் பள்ளியாகத்தான் தொடங்கியது. அதே ஊரில் நார்த்ஈஸ்டர்ன் 1968 முதல் வகுப்பையும் முழுநேரப் பயிற்சியையும் மாற்றி மாற்றி வைக்கும் கோ-ஆப் முறையில் நடத்துகிறது. மின்னசோட்டாவின் வில்லியம் மிட்செல் 2015 ஜனவரியில் ஏபிஏ அனுமதித்த முதல் ஹைப்ரிட் ஜேடியைத் தொடங்கியது. இப்போது அதன் பெயர் மிட்செல் ஹாம்லின். 2022-ல் டெக்சஸின் செயின்ட் மேரிஸ் முழுக்க இணையவழியிலான ஜேடியைக் கொண்டுவந்தது. வகைகள் இத்தனை இருப்பதால் 'நெகிழ்வான நேரம்' என்ற சொல்லுக்கு ஒவ்வொரு பள்ளியிலும் வேறு பொருள். வாரத்தில் நான்கு மாலையா, வார இறுதி மட்டுமா, பருவத்துக்கு இரண்டு முறை வளாகத்துக்குப் பறந்து போக வேண்டுமா என்பதைத் துல்லியமாகக் கேளுங்கள். பறப்பதானால் விமானச் செலவையும் அதற்கான விடுப்பு நாட்களையும் கட்டணத்தோடு கூட்டிப் பாருங்கள்.

விளம்பரத்தை மூடி வைத்துவிட்டு 509 அறிக்கையைத் திறங்கள். ஏபிஏ விதி 509-ன்படி ஒவ்வொரு பள்ளியும் டிசம்பரில் தன் தளத்தில் வெளியிட வேண்டிய தாள் அது. மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். ஒன்று, பாடத்திட்டப் பகுதியில் கிளினிக்கில் நிரம்பிய இடங்கள், சிமுலேஷன் என்ற பாவனைப் பயிற்சி வகுப்பு இடங்கள், வெளிப்பயிற்சியில் நிரம்பிய இடங்கள். மொத்த மாணவர் எண்ணிக்கையோடு இவற்றை ஒப்பிடுங்கள். 600 பேர் படிக்கும் இடத்தில் கிளினிக்கில் 40 பேர்தான் என்றால், 'செய்முறைக்கு முதலிடம்' என்பது சுவரொட்டி வாசகம். இரண்டு, நிபந்தனை உதவித்தொகை அட்டவணை. முதலாண்டு சராசரி இவ்வளவுக்குக் கீழே போனால் உதவித்தொகை நின்றுவிடும் என்ற நிபந்தனையில் எத்தனை பேர் அதை இழந்தார்கள் என்று எண்ணிக்கையோடு இருக்கும். லா ஸ்கூலில் மதிப்பெண் வளைவின்படிதான், அதாவது சக மாணவர்களோடு ஒப்பிட்டுத்தான் வழங்கப்படும். வகுப்பில் பாதிப் பேர் நடுக்கோட்டுக்குக் கீழே நின்றே ஆக வேண்டும். எஞ்சினியரிங்கில் எப்போதும் முதல் வகுப்பு வாங்கியவர்கள் இந்த நிபந்தனையை அலட்சியமாகக் கையெழுத்திட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டில் முழுக் கட்டணம் கட்டுவதுண்டு. மூன்று, முதலாண்டில் படிப்பை விட்டவர்கள் எத்தனை பேர் என்பது.

இதோடு பார் தேர்ச்சி விகிதத்தையும், பட்டம் பெற்றுப் பத்து மாதம் கழித்து எடுக்கும் வேலை விவரத்தையும் படியுங்கள். படித்து முடித்தவர்களில் பார் தேர்வு எழுதியவர்கள் இரண்டு ஆண்டுக்குள் 75 சதவீதமாவது தேற வேண்டும் என்பது ஏபிஏ வைத்திருக்கும் கீழ்வரம்பு.

பிறகு சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல். கேள்வி ஒன்றே ஒன்று: போன ஆண்டு கிளினிக்கில் சேர்ந்தவர்களில் மாலைநேர மாணவர்கள் எத்தனை பேர்? எண்ணாகப் பதில் வந்தால் நல்ல அறிகுறி. 'எல்லா வாய்ப்புகளும் எல்லா மாணவர்களுக்கும் திறந்தே உள்ளன' என்று வந்தால், கதவு திறந்திருக்கிறது, உள்ளே போக யாருக்கும் நேரமில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

விண்ணப்பமும் காகிதங்களும்

எல்சாட் மதிப்பெண் 120 முதல் 180 வரை. 2024 ஆகஸ்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் பகுதி இல்லை. பழைய புத்தகத்தை இரவல் வாங்கிப் படிப்பவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். தர்க்கம் இரண்டு பகுதி, வாசிப்பு ஒரு பகுதி, மதிப்பெண் இல்லாத ஒரு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். தமிழ் வழியிலோ கணிதத்திலோ வந்தவர்களுக்கு வாசிப்புப் பகுதிதான் இடறும். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

உண்மையில் தாமதம் செய்வது எல்சாட் அல்ல, இந்தியாவிலிருந்து வர வேண்டிய மதிப்பெண் சான்று. எல்சாட்டை நடத்தும் எல்எஸ்ஏசி அமைப்புக்கு அதைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். உங்கள் கையில் இருக்கும் மதிப்பெண் பட்டியலை ஸ்கேன் செய்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். ஊரில் ஓர் ஆள் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நாலு நடை நடக்க வேண்டியிருக்கும். எல்சாட் பாடம் தொடங்குவதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள். மூன்றாண்டு பி.எஸ்சி., பி.காம். பட்டம் மட்டும் இருப்பவர்கள், அதை ஏற்பார்களா என்று பள்ளிவாரியாக முன்கூட்டியே கேட்பது நல்லது.

பெயர் ஒரு தனிச் சிக்கல். பட்டச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில், ஓட்டுநர் உரிமத்தில் இரண்டும் இடம் மாறி. எல்எஸ்ஏசி கணக்கில் இந்த எல்லா வடிவங்களையும் மாற்றுப் பெயராகப் பதிந்துவிடுங்கள். நான்கு ஆண்டு கழித்து பார் பதிவுக்கான நடத்தை விசாரணையில் இதே கேள்வி மறுபடி வரும். அப்போது பழைய முகவரிகள், பார்த்த வேலைகள், கடன், போக்குவரத்து அபராதம் வரை கேட்பார்கள். லா ஸ்கூல் விண்ணப்பத்தில் சொல்லாத ஒரு வேக அபராதம் பார் விண்ணப்பத்தில் முளைத்தால், சிக்கல் அபராதத்தால் வராது, மறைத்ததால் வரும். விண்ணப்பத்தின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். சேர்ந்த பிறகு விட்டுப்போனது நினைவுக்கு வந்தால் அன்றைக்கே பள்ளிக்குத் திருத்தம் எழுதிக் கொடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. நிறுவனம் தரும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலருக்கு வருமான வரி இல்லை. உங்கள் நிறுவனம் சட்டப்படிப்பை அதில் சேர்க்கிறதா என்று மனிதவளத் துறையிடம் கேளுங்கள். கூட்டரசு மாணவர் கடன் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் அகதித் தகுதி பெற்றவர் போன்ற சிலருக்கும்தான். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் சட்ட மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. பகுதிநேரம் படிப்பவருக்கு அந்த ஆண்டு வரம்பும் விகிதப்படி குறையும். பழைய கட்டுரைகளில் சொல்லும், பட்ட மேற்படிப்புக்கான கிராட் பிளஸ் கடன் புதியவர்களுக்கு இல்லை.

ஒரு வழக்கை எவ்வளவு படிப்பது

முதல் செமஸ்டரில் மாலைநேர மாணவர் தோற்கும் இடம் ஒன்றுதான். ஒவ்வொரு வழக்குக்கும் இரண்டு பக்கக் குறிப்பு அழகாக எழுதுவார். பன்னிரண்டாம் வாரம் வந்த பிறகு, ஒரே ஒரு இறுதித் தேர்வுக்குத் தேவையான அவுட்லைன், அதாவது பாடம் முழுவதன் விதிச் சுருக்கம், ஒரு வரிகூட இல்லை என்று கண்டுபிடிப்பார்.

குறிப்பு எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதற்கு, ஒப்பந்தச் சட்ட வகுப்பில் அடிக்கடி வரும் லூசி எதிர் செமர் வழக்கை எடுத்துக்கொள்வோம். வர்ஜினியா, 1954.

நடந்தது: உணவகத்தில் குடித்துக்கொண்டே பேசும்போது, செமர் தன் பண்ணையை 50,000 டாலருக்கு விற்பதாக உணவக ரசீதின் பின்புறம் எழுதிக் கொடுத்தார், மனைவியும் கையெழுத்திட்டார். பிறகு 'விளையாட்டுக்குச் சொன்னோம்' என்றார்கள். கீழ்நீதிமன்றம்: லூசியின் வழக்கு தள்ளுபடி. கேள்வி: மனதுக்குள் விளையாட்டாக நினைத்து, வெளியே அதைக் காட்டாமல் எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தம் ஆகுமா? முடிவு: ஆகும், பண்ணையை விற்றே ஆக வேண்டும். காரணம்: உள்ளத்தில் என்ன இருந்தது என்பதைவிட, எதிரில் இருந்த நியாயமான மனிதருக்கு அந்தச் சொல்லும் செயலும் என்ன சொல்லின என்பதே கணக்கு.

இவ்வளவுதான். ஆனால் இதன் கீழே இன்னும் ஒரு வரி வேண்டும், தேர்வில் மதிப்பெண் தருவது அதுதான்: எந்த உண்மை மாறினால் முடிவு மாறும்? செமர் முதலில் 'நான்' என்று எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, மனைவியும் உரிமையாளர் என்பதால் 'நாங்கள்' என்று மாற்றி எழுதினார். பேரம் நாற்பது நிமிடம் நடந்தது. இந்த இரண்டும்தான் விளையாட்டு என்ற வாதத்தைக் கவிழ்த்தவை. அந்தத் திருத்தமும் நாற்பது நிமிடமும் இல்லாமல், எழுதும்போதே சிரித்துக் கண்ணடித்திருந்தால்? தேர்வுத் தாளில் பேராசிரியர் தருவது அந்தக் கண்ணடிப்பு இருக்கிற ஒரு கதையைத்தான்.

முதல் மூன்று வாரம் இப்படி எழுதிப் பழகுங்கள். நான்காம் வாரத்திலிருந்து குறிப்பைப் புத்தகத்தின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். மிச்சமாகும் நேரத்தில் ஞாயிறுதோறும் ஒரு பாடத்துக்கு 45 நிமிடம் அவுட்லைன். வழக்கின் பெயர்களை வரிசையாக அடுக்காதீர்கள். விதியைத் தலைப்பாக்கி வழக்கை அதன் கீழே உதாரணமாகத் தொங்கவிடுங்கள். ஒன்பதாம் வாரத்திலிருந்து அந்தப் பேராசிரியரின் பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். தீபாவளி இலையுதிர் செமஸ்டரின் பத்தாம் வாரத்தையொட்டி, அவுட்லைன் சூடுபிடிக்கிற நேரத்தில் வரும். பலகாரத்தை அந்த ஆண்டு கடையில் வாங்குங்கள்.

ஐ.டி.யில் வேலை செய்பவர்கள் செமஸ்டரின் முதல் நாளிலேயே இரண்டு நாள்காட்டிகளை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்: சட்ட எழுத்து வகுப்பின் கெடு நாட்கள், அலுவலகத்தின் ரிலீஸ் வாரங்கள். இரண்டும் மோதும் வாரம் நிச்சயம் ஒன்று இருக்கும். அதை ஆகஸ்டில் கண்டால் ஆன்-கால் முறையை மாற்றிக்கொள்ளலாம். அக்டோபரில் கண்டால் எதுவும் செய்ய முடியாது. ஹைப்ரிடில் படிப்பவர்களுக்கு வேறொரு வடிவில் இதே நோய் வரும். பதிவு செய்த விரிவுரைகளுக்கு ஞாயிறு நள்ளிரவு கெடு என்றால், வாரம் முழுக்கத் தொடாமல் ஞாயிறு மதியம் ஆறு மணி நேர விரிவுரையையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுவார்கள். பார்த்தது தேர்வில் நிற்காது.

பகலைச் சேமிப்பது

ஏபிஏ விதிப்படி பட்டத்துக்குக் குறைந்தது 6 கிரெடிட் அனுபவப் பாடம் வேண்டும். அது மூன்று வகையில் கிடைக்கும். சிமுலேஷன் என்பது வகுப்புக்குள் நடக்கும் பாவனை விசாரணை, பேரம், சாட்சி விசாரிப்பு, மாலையில் கிடைக்கும். கிளினிக்கில் உண்மையான கட்சிக்காரருக்குப் பேராசிரியரின் கண்காணிப்பில் வேலை செய்வீர்கள். எக்ஸ்டர்ன்ஷிப் நீதிபதியின் அலுவலகம், சட்ட உதவி மையம், அரசு வழக்கறிஞர் அலுவலகம் போன்ற வெளியிடத்தில்.

வேலையில் இருப்பவர்களுக்கு ஆறையும் சிமுலேஷனிலேயே முடித்துவிடும் ஆசை வரும். விதி அதற்கு இடம் கொடுக்கிறது. இருந்தாலும் அப்படிச் செய்வது நான்கு ஆண்டுக் கட்டணத்துக்கு நட்டம். பாவனைக் கட்சிக்காரர் பொய் சொல்வதில்லை, ஆவணத்தைத் தொலைப்பதில்லை, சொன்ன நாளில் வராமல் இருப்பதில்லை. மூன்று கிரெடிட்டுக்கு விசாரணைப் பயிற்சி அல்லது பேரப் பயிற்சியை மாலையில் எடுத்துவிட்டு, மீதி மூன்றை மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் எக்ஸ்டர்ன்ஷிப்பில் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

அதன் கணக்கு: மூன்று கிரெடிட்டுக்குக் குறைந்தது 127.5 மணி நேரம். பள்ளி 150 கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேர நாளாக எடுத்தால் 19 நாள். அலுவலகத்தில் வாரம் நான்கு நாள் பத்துப் பத்து மணி நேரமாக வேலை செய்ய ஒப்புக்கொண்டால் வெள்ளிக்கிழமைகள் கிடைக்கும். பத்து வெள்ளி என்றால் 80 மணி நேரம். மீதிக்கு ஒன்பது நாள் விடுப்பு, 72 மணி நேரம். மொத்தம் 152. அந்த ஒன்பது நாளை முந்தைய ஆண்டிலிருந்தே சேர்க்கத் தொடங்க வேண்டும், மேலாளரிடமும் ஜனவரியிலேயே பேச வேண்டும். மே மாதம் போய்க் கேட்டால் எல்லோருடைய கோடை விடுப்பும் அதற்குள் பதிவாகியிருக்கும்.

கிளினிக்கிலும் எல்லாமே நீதிமன்றத்தைச் சுற்றியதல்ல. குறைந்த வருமானத்தாருக்கான வரித் தகராறு கிளினிக், சிறு வணிகங்களுக்கு ஒப்பந்தம் எழுதும் கிளினிக், வர்த்தகமுத்திரைக் கிளினிக் ஆகியவற்றில் பெரும்பகுதி எழுத்து வேலை; கட்சிக்காரரே வேலைக்குப் போகிறவர் என்பதால் சந்திப்பும் மாலையிலோ சனிக்கிழமையோ அமையும். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் சில லா ஸ்கூல் கிளினிக்குகளுக்குச் சான்று தந்திருக்கிறது. அங்கே மாணவரே கண்காணிப்பின் கீழ் அந்த அலுவலகத்தின் முன் விண்ணப்பம் தாக்கல் செய்யலாம். மென்பொருள், மின்னணுவியல் பின்னணி உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் குறைவு.

நீதிமன்றத்தில் எழுந்து பேச வேண்டும் என்றால் மாநிலத்தின் மாணவர் வழக்காடும் விதியைப் படியுங்கள். கலிஃபோர்னியாவில் விதி 9.42-ன்படி முதலாண்டு முடித்திருக்க வேண்டும், சாட்சியச் சட்டமும் உரிமையியல் நடைமுறையும் முடித்திருக்க வேண்டும் அல்லது படித்துக்கொண்டிருக்க வேண்டும். மாலைநேரத் திட்டத்தில் சாட்சியச் சட்டம் மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளிப்போவது வழக்கம். கவனிக்காமல் விட்டால் கிளினிக்கில் இடம் கிடைத்தும், கூண்டில் நிற்பவரைக் கேள்வி கேட்பது சக மாணவராக இருக்கும், நீங்கள் பின்வரிசையில் கோப்பைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். சாட்சியச் சட்டத்தை இரண்டாம் ஆண்டிலேயே எடுங்கள்.

கட்சிக்காரரின் கோப்பை நிறுவன மடிக்கணினியில் திறக்கவே திறக்காதீர்கள். அந்தக் கணினியில் நடப்பதைப் பார்க்க உங்கள் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று வேலைக்குச் சேர்ந்த நாளில் கையெழுத்திட்டிருப்பீர்கள். மூன்றாமவர் பார்க்க முடிந்த இடத்தில் வைத்தால் வழக்கறிஞர்–கட்சிக்காரர் இரகசியக் காப்பே கேள்விக்குள்ளாகும். மதிய இடைவேளையில் ஒரு மனுவைத் திருத்துவதற்காகக்கூட வேண்டாம். தனிக் கணினி, பள்ளி தந்த கணக்கு, அவ்வளவுதான். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் கட்சிக்காரரின் விவரத்தை ஒட்டுவதும் இதே வகைத் தவறு. அது சொல்லும் வழக்குகளைத் தேடிப் பார்க்காமல் மேற்கோள் காட்டியதற்காக 2023-ல் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில் வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

கிளினிக்கில் சேரும்போது இப்போதைய வேலையையும் முன்பு பார்த்த வேலைகளையும் முழுமையாக எழுதிக் கொடுங்கள். வங்கியில் வேலை செய்பவர் அதே வங்கி வீட்டைப் பறிமுதல் செய்யும் வழக்கில் வீட்டுக்காரர் பக்கம் இருக்க முடியாது. இதைப் பாதி வழியில் கண்டுபிடித்தால் நீங்கள் மட்டுமல்ல, கிளினிக்கே அந்த வழக்கிலிருந்து விலக நேரலாம். பயிற்சி நேரத்தை அன்றன்றே ஆறு நிமிடக் கூறுகளாக, அதாவது 0.1 மணி நேரமாகக் குறித்து வையுங்கள். பல அலுவலகங்களில் கட்டணக் கணக்கு அந்த அலகில்தான் எழுதப்படுகிறது. 'மனு வேலை, 3 மணி' என்று எழுதாமல், 'வாடகை ஒப்பந்தத்தின் அறிவிப்பு விதியைப் படித்து மேற்பார்வையாளருக்குக் குறிப்பு எழுதியது, 1.4' என்று எழுதப் பழகுங்கள். நகலெடுக்கும் வேலையே தொடர்ந்து வந்தால் இரண்டாம் வாரத்திலேயே பள்ளியின் பொறுப்பாசிரியரிடம் அந்தப் பதிவேட்டைக் காட்டலாம். எட்டாம் வாரத்தில் காட்டினால் கோடை முடிந்திருக்கும்.

பார் தேர்வு நெருங்கும்போது

தொழில்நெறித் தேர்வான எம்பிஆர்இ-ஐத் தொழில்நெறி வகுப்பு முடிந்த கையோடு எழுதிவிடுங்கள். இரண்டு மணி நேரம், 60 கேள்வி. மார்ச், ஆகஸ்ட், நவம்பரில் நடக்கும். அதைக் கடைசி ஆண்டு வரை தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை.

பார் தேர்வே இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. பல மாநிலங்கள் நடத்திவந்த பழைய வடிவம் இரண்டு நாள், 12 மணி நேரம். 2026 ஜூலையிலிருந்து மாநிலம் மாநிலமாக வரும் நெக்ஸ்ட்ஜென் தேர்வு ஒன்றரை நாள், 9 மணி நேரம். கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்வது, பேரம் பேசுவது, ஆவணத்தொகுப்பிலிருந்து தேவையானதை எடுப்பது ஆகியவை அதில் நேரடியாகச் சோதிக்கப்படும். கிளினிக்கில் செலவிட்ட பகல்கள் இங்கே மதிப்பெண்ணாகவும் திரும்பி வரும். கலிஃபோர்னியா தனக்கென்று தனித் தேர்வு வைத்திருக்கிறது. ஓரிகனில் 2024 முதல் இன்னொரு வாசல் உண்டு: பட்டத்துக்குப் பின் 675 மணி நேரம் கண்காணிப்பில் வேலை செய்து, அந்த வேலைத் தொகுப்பைத் தேர்வாளர்களிடம் காட்டிப் பதிவு பெறலாம். எந்த மாநிலத்தில் பதிவு செய்யப் போகிறீர்கள் என்பதை மூன்றாம் ஆண்டுக்குள் முடிவு செய்யுங்கள். ஹைப்ரிட் பட்டம் அந்த மாநிலத்தில் செல்லுமா என்பதை மட்டும் சேருமுன்பே அந்த மாநில பார் விதியில் பார்த்துவிட வேண்டும்.

தயாரிப்பு நிறுவனங்கள் விற்கும் அட்டவணை பத்து வாரம், வாரம் நாற்பது மணி நேரம் என்று இருக்கும். அது மே மாதம் பட்டம் வாங்கிவிட்டு வேறு வேலை இல்லாதவருக்கானது. அதே 400 மணி நேரத்தை நீங்கள் மார்ச் முதல் வாரத்திலேயே தொடங்கி இருபது வாரத்துக்கு, வாரம் இருபதாகப் பரப்ப வேண்டும். மார்ச்சிலும் ஏப்ரலிலும் கடைசி செமஸ்டரின் பாடங்களோடு இது மோதும் என்பதால் அந்தச் செமஸ்டருக்கு மிகக் குறைந்த கிரெடிட்டை மிச்சம் வையுங்கள். முந்தைய கோடையில் ஒரு பாடம் கூடுதலாக எடுத்தால் போதும். தேர்வு ஜூலையின் கடைசி வாரத்தில் வரும். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் தேர்வு வாரமும் சேர்த்து 15 வேலைநாள் விடுப்பு வேண்டும், அந்த விண்ணப்பம் ஜனவரியிலேயே மேலாளர் மேசைக்குப் போக வேண்டும். எக்ஸ்டர்ன்ஷிப்புக்கு ஒன்பது, தேர்வுக்கு 15: கடைசி இரண்டு ஆண்டுகளில் 24 நாள். ஆண்டு முடிவில் கழிந்துபோகும் விடுப்பை அடுத்த ஆண்டுக்கு எத்தனை நாள் எடுத்துச் செல்ல விடுகிறார்கள் என்று உங்கள் நிறுவனக் கையேட்டில் இன்றைக்கே பாருங்கள்.